கார் ரேடியோவும் பகல் பெஞ்சும்

கார் ரேடியோ பாடினால் கார்க்காரருக்குப் பெருமை. பாடாவிட்டால் மாட்டினவனுக்கு வசவு. எங்கள் தொழிலின் சட்டதிட்டம் மொத்தமும் இவ்வளவுதான்.

நான் இதை யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டதில்லை. யுத்தம் முடிந்து மிலிட்டரிச் சாமான்களை எடைக்குப் போட்டபோது உடைந்த வயர்லெஸ் பெட்டி ஒன்றை வாங்கி, பிரித்து, ஷாக் அடித்து விழுந்து, மறுபடி பூட்டத் தெரியாமல் விழித்து, அப்படி வந்த வித்தை. வந்தது ராத்திரித் தொழிலாகப் போய்விட்டது. கார் வைத்திருக்கிறவர்களுக்குப் பகலில் கார் வேண்டும். சாயங்காலம் கொண்டுவந்து விடுவார்கள், காலையில் சாவி கேட்பார்கள். நடுவில் மிஞ்சுவது எனக்கு.

அந்தக் காலத்துக் கார் ரேடியோ இரண்டு துண்டு. பிஸ்கட் டின் அளவில் கனத்த பெட்டி ஒன்று டாஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்திருக்கும். வெளியே தெரிவது கண்ட்ரோல் மட்டும். இரண்டு திருகு, நடுவில் முள் ஓடுகிற முகப்பு. பெட்டிக்கும் கண்ட்ரோலுக்கும் இடையே சைக்கிள் பிரேக் வயர் மாதிரிக் கேபிள்கள். கெட்டுப்போவது பெரும்பாலும் கண்ட்ரோல்தான். அதை முன்பக்கமாகக் கழற்ற வழி வைக்கவில்லை, செய்த புண்ணியவான்கள். மல்லாக்கப் படுத்து, தலையைப் பெடல்களுக்கு நடுவே செருகி, கண்ணுக்குத் தெரியாத நட்டை விரலால் தடவித் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த நட்டு கழன்றதும் நேராக வாயில் விழும்.

எங்கள் ஒர்க்‌ஷாப் திருச்சிக் கண்டோன்மென்ட் பக்கம். நான் சேர்ந்த அன்றே முதலாளி ஒரு வாக்குக் கொடுத்தார். புது ஷெட் போட்டதும் ரேடியோவுக்கென்று ஜன்னலோரமாகத் தனி பெஞ்ச் வரும், அதில் பகல் வேலை, அது உனக்குத்தான் என்று. மில்லிலும் ரயில்வேயிலும் அச்சாபீசிலும் ராத்திரி ஷிப்ட் பார்க்கிற சகோதரர்களுக்கு அந்த வாக்கின் ருசி தெரியும். மற்றவர்கள் ஒரு நாள், ஊரே இரைந்துகொண்டிருக்கும் முற்பகலில், ஈ மொய்க்கிற முகத்தோடு தூங்கிப் பாருங்கள். பிறகு பேசுவோம்.

சந்தனம் பூசிய ரேடியோ

திருவெள்ளறைப் பக்கம் ரைஸ்மில் வைத்திருந்த ஒருவர், ஆயுத பூஜை முடிந்த மறுநாள் காரைக் கொண்டுவந்தார். சக்கரத்தில் நசுங்கின எலுமிச்சம்பழம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் நாள் வரை திருச்சி ஸ்டேஷனும் சிலோனும் அருமையாக எடுத்ததாம்; இப்போது முள் நகரவே இல்லையாம். கண்ட்ரோலைக் கழற்றிப் பார்த்தால், திருகு நுழைகிற துவாரம் இரண்டிலும் சந்தனம் வழிந்து இறங்கிக் காய்ந்து சிமெண்டாகியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. கற்பூரத் தட்டை முகப்புக்கு நேரே பிடித்து நிதானமாகத் தீபாராதனை காட்டியிருக்கிறார்கள். அது கண்ணாடி இல்லை, செலுலாய்டு. அப்பளம் பொரிந்த மாதிரிச் சுருண்டு, உள்ளே முள்ளைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது.

எல்லாவற்றையும் சுரண்டி, முகப்புக்கு வேறு தகடு வெட்டி வைத்து, காலையில் சாவி கொடுக்கும்போது வணக்கமாகத்தான் சொன்னேன்: "அடுத்த வருஷம் ரேடியோவுக்கு ஒரு பொட்டு மட்டும் வைங்க போதும். கற்பூரம் வேண்டாம்." அவர் முகம் கறுத்தது. என் முதலாளியைப் பார்த்து, நான் அங்கே இல்லாத மாதிரி, சொன்னார்:

"கற்பூரம் காட்டினா கெட்டுப்போகும்னா கோயில்ல சாமியெல்லாம் எப்படிய்யா இத்தனை நாளா இருக்கு? கேளுங்க உங்க ஆளை!"

கைக்கு எட்டாத இடம்

தில்லை நகரில் புது வீடு கட்டிக்கொண்டு குடிபோன வக்கீல் ஒருவருக்கு டிரைவர் மேல் சந்தேகம். கோர்ட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு நாள் முழுக்கப் பாட்டுக் கேட்கிறான், பாட்டரி படுத்துவிடுகிறது என்று. ஆகவே கண்ட்ரோலை டாஷ்போர்டிலிருந்து பிடுங்கி, முன் சீட்டின் முதுகில், பின்னால் உட்காருகிற தமக்கு எதிரே பொருத்த வேண்டும் என்றார். டிரைவரின் கை அங்கே எட்டாதாம். வண்டி நிற்கும்போது டிரைவர் இறங்கிப் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தால் என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. வக்கீலிடம் கேள்வி கேட்கிற வழக்கம் எனக்கு இல்லை.

கேபிளை நீளப்படுத்தி, சீட்டுக்கு அடியில் ஓட்டி, ஆணி குத்தாமல் மறைத்து முடிப்பதற்குள் என் இடுப்பு இரண்டாக மடிந்துவிட்டது. கேபிள் நீண்டதால், திருகை இங்கே திருப்பினால் முள் அங்கே யோசித்துவிட்டுத்தான் நகரும். வக்கீலுக்குப் பரம திருப்தி. காலையில் வண்டி எடுக்க வந்தவர் அந்த டிரைவர். என்னைவிட வயதில் பெரியவர், காக்கிச் சட்டை கழுத்தில் நைந்திருந்தது. டாஷ்போர்டில் இருந்த ஓட்டையையும் பின் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"அவரு உயிரு என் கையில இருக்கலாமாம் தம்பி, ரேடியோ மட்டும் இருக்கக்கூடாதாம். போயிட்டு வரேன்."

ஒரு வருஷத்துக்கு மட்டும்

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் ஒரு மிராசுதார். தகப்பனார் பரமபதித்து, வீட்டில் வருஷம் முடிகிற வரை சங்கீதம் கூடாது. என்னை வரச்சொல்லி, "பெட்டி கிடக்கட்டும் ஓய், அந்தக் கண்ட்ரோலை மட்டும் கழட்டி எடுத்துண்டு போயிடும். கை சும்மா இருக்காது, பழக்க தோஷத்துல திருப்பிடும்" என்றார். கழற்றினேன். துணியில் சுற்றி ஒர்க்‌ஷாப் அலமாரியில் வைத்தேன். நல்ல மனுஷர், துக்கத்தை ஒழுங்காகக் கொண்டாடுகிறார் என்று மரியாதைகூட வந்தது.

வருஷம் பாதிகூட ஆகவில்லை, ஆள் வந்துவிட்டது. மதராஸில் டெஸ்ட் மேட்ச். "கமெண்டரி சங்கீதம் இல்லையோன்னோ?" என்றார். இல்லைதான். போய் மாட்டினேன். மாட்டினால் சோதிக்க வேண்டுமே, திருகைத் திருப்பினதும் யாரோ பாகவதர் ஆலாபனையில் இருந்தார். மிராசுதார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு திண்டாடினார். நான் சட்டென்று அணைத்துவிட்டு, அவருக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று சொன்னேன், எனக்கும் போன மாசம்தான் அப்பா தவறிப்போனார், காரியம் முடிவதற்குள் வேலைக்கு வரவேண்டியதாகிவிட்டது, நானும் பாட்டுக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று. அவர் காதிலிருந்து கையை எடுத்தார். என் மேல் உண்மையான கருணையோடு சொன்னார்:

"ஒமக்குத் தோஷமே கிடையாது ஓய். நாங்க கேக்கறதுக்குப் போடறோம், நீர் ரிப்பேருக்குன்னா போடறீர்!"

கல்யாணக் கார்

கட்டட வேலை கான்ட்ராக்ட் எடுக்கிற ஒருவர் மூத்த பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். மாப்பிள்ளைக்குத் தம்முடைய காரையே கொடுப்பதாகப் பேச்சு. கல்யாணத்துக்கு முந்தின நாள் பிற்பகல் என்னைத் தூக்கத்திலிருந்து எழுப்பி மண்டபத்துக்கே கூட்டிக்கொண்டு போனார்கள். உள்ளே நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே, பூச்சரம் கட்ட ஆரம்பித்திருந்த காரில், நான் ரேடியோவைக் கழற்ற வேண்டும். "கார் தரேன்னுதான் பேசினது. ரேடியோ பேசலை" என்றார் கான்ட்ராக்டர். சரிதானே. பேச்சு என்றால் பேச்சு.

பெட்டியும் கண்ட்ரோலும் வெளியே வந்தன. டாஷ்போர்டின் நடுவில் பல் விழுந்த மாதிரி ஒரு ஓட்டை. மருதாணிக் கையோடு மணப்பெண் வந்து கார் ஜன்னலருகே நின்றாள். யாரும் அனுப்பி வந்தவளாகத் தெரியவில்லை. அப்பா கையில் ரேடியோப் பெட்டி போவதைப் பார்த்தாள். பிறகு ஓட்டையைப் பார்த்தாள். அழவில்லை, வீட்டில் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். அந்தப் பெண் என்னிடம் கேட்டது இதுதான்:

"அண்ணே, அதுல ஏதாவது தகடு வச்சு மூடிடுங்களேன். என் மாமியார் வழி பூரா அதைத்தான் பார்த்துக்கிட்டு வருவாங்க."

அப்பாவின் உத்தியோகம்

உறையூரில் எங்கள் வீடு ஒரே அறை. அதில் நான் பகலில் தூங்க வேண்டும் என்பதற்காக என் மனைவி கமலா தாளிப்பதைக்கூடத் திண்டாடித் திண்டாடிச் செய்வாள். கடுகு வெடித்தால் கரண்டியால் மூடுவாள். என் பெண் விஜயா நடக்கப் பழகினதே குதிகால் படாமல்தான். நான் எழுந்திருக்கும்போது அவள் பள்ளிக்கூடத்தில். அவள் வந்து தாழ்வாரத்தில் வாய்ப்பாடு சொல்லும்போது நான் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருப்பேன். "ஷெட்டு எப்பங்க முடியும்?" என்று கமலா கேட்பாள். முதலாளி சுவர் எழுப்பிவிட்டார், கூரை போடவேண்டியதுதான் என்பேன். மறு வருஷமும் அதையே சொன்னேன். அது பொய்யில்லை. கூரைதான் போடவில்லை.

விஜயா படித்த கான்வென்டில் அப்பாமார்கள் ஒரு நாள் வரவேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். வெயிலில் கண் கூசி, மாதா கோயில் வாசலில் யார் மேலோ மோதிக்கொண்டேன். வகுப்பு சிஸ்டர் நல்லவர். நாற்காலி கொடுத்து உட்காரச்சொன்னார். "உங்களைப் பார்க்கணும்னுதான் இருந்தேன். ஒவ்வொரு குழந்தையையும் அப்பா என்ன வேலை பார்க்கிறார்னு கேட்டேன். உங்க பொண்ணு சொன்னதுக்கு வகுப்பே சிரிச்சிடுச்சு, பாவம், அவளுக்கு ஏன்னே புரியலை" என்றார். என்ன சொன்னாள் என்று கேட்டேன். சிஸ்டர் தயங்கித்தான் சொன்னார்:

"'எங்க அப்பா தூங்குற வேலை பாக்குறாங்க சிஸ்டர், சத்தம் போட்டா வேலை கெட்டுடும்'னு சொன்னா."

பிளஸ் எங்கே, மைனஸ் எங்கே

கடைசியில் கூரை ஏறியது. பெஞ்சும் வந்தது, ஜன்னலோரமாக, தேக்கு மேல்பலகை போட்டு. அதே சமயத்தில் திருவெறும்பூர்ப் பக்கம் பெரிய தொழிற்சாலை எழும்பி, வெளியூர் எஞ்சினியர்கள் குடும்பத்தோடு வந்து காலனியில் இறங்கியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் புது மாதிரி டிரான்சிஸ்டர் செட் ஒன்றைக் கொண்டுவந்தார். பழைய வால்வுப் பெட்டியையும் கண்ட்ரோலையும் கழற்றிவிட்டு இதைப் பொருத்த வேண்டும். முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டார். "இந்த ஒரு வண்டி நல்லபடியாப் போச்சுன்னா காலனி வண்டி மொத்தமும் நம்மகிட்டதான். பெஞ்சுல நீ உட்கார வேண்டியதுதான் பாக்கி" என்றார். வீட்டில் போய்ச் சொன்னேன். கமலா அன்றைக்குக் கடுகை வெடிக்கவிட்டுத் தாளித்தாள்.

ஒன்றைச் சொன்னால்தான் நடந்தது விளங்கும். பாட்டரியின் ஒரு முனை வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும். சில வண்டிகளில் அது மைனஸ். பல இங்கிலீஷ் கார்களில் பிளஸ். அந்தக் காரில் முன்னே இருந்த வால்வு செட்டுக்கு இதைப்பற்றிக் கவலையில்லை, எப்படிக் கொடுத்தாலும் பாடும். டிரான்சிஸ்டர் அப்படியில்லை. திருப்பிக் கொடுத்தால் ஒரே மூச்சில் செத்துப்போகும். எஞ்சினியர் காரில் பிளஸ்தான் உடம்பில். அதற்குத் தகுந்தபடி செட்டை அமைத்து, பொருத்தி, பாடவிட்டுக் கேட்டுவிட்டு விடிந்ததும் வீட்டுக்குப் போனேன். பாடினது. என் காதால் கேட்டேன்.

பகல் வேலையில் முதலாளியின் மைத்துனர் சந்தானம் இருந்தார். தலையைப் படிய வாரி, வருகிறவர்களிடம் சிரித்துப் பேசுகிற பிள்ளை. கெட்ட எண்ணம் கிடையாது. எஞ்சினியர் வருவதற்குள் உபகாரமாக இருக்கட்டும் என்று பாட்டரியை இறக்கி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, சார்ஜ் பண்ணி, மறுபடி மாட்டியிருக்கிறார். அவருக்குப் பழக்கம் லாரி. எஞ்சினியர் வந்ததும் அதைச் சொல்லிச் சாவியைக் கொடுத்தார். அவர் திருகைத் திருப்பினார். ஒரு சொல் பாட்டு வரவில்லை. டாஷ்போர்டிலிருந்து புகை வந்தது.

சைக்கிள் அனுப்பி என்னை எழுப்பினார்கள். நான் போய்ச் சேரும்போது எஞ்சினியர், சாயங்காலம் வருகிறேன் என்று வண்டியை விட்டுவிட்டுப் போயிருந்தார். பானட்டைத் திறந்தேன். பாட்டரியில் பிளஸ் குமிழ் கொஞ்சம் தடித்திருக்கும், மைனஸ் கொஞ்சம் மெலிந்திருக்கும், மாற்றி மாட்டினால் ஒயரின் முனை உட்காராது. உட்காரவைத்திருந்தார். ஒன்றைச் சுத்தியலால் தட்டி அகட்டியிருந்தார். மற்றதில் எண்ணெய் டின்னிலிருந்து வெட்டின தகரத்தை மடித்துச் செருகியிருந்தார். தகரம் புதுசாக மின்னியது. முதலாளியும் குனிந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று அவர் பெருமூச்சிலேயே தெரிந்தது. "நம்ம லாரிக்கெல்லாம் மைனஸ்தானே மாமா பாடில போகுது? நான் எப்பவும் போலத்தான் மாட்டினேன்" என்றார் சந்தானம், நல்ல மனதோடு.

முதலாளி அவரை டீக்கு அனுப்பிவிட்டு என்னை ஷெட்டின் பின்பக்கம் கூட்டிப்போனார். "சாயங்காலம் சார் வருவாரு. தப்பு உன்னுதுன்னு சொல்லிடு."

"எப்படி முதலாளி? நீங்களே பார்த்தீங்களே."

"பார்த்தேன்யா. அவன் நாள் பூரா கஸ்டமர் எதிர்ல நிக்கிறவன். அவனால புகைஞ்சுதுன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் வண்டி விடுவான்? உன் மூஞ்சி யாருக்குத் தெரியும்? ஒரு வார்த்தை. சொல்லிட்டு ஒண்ணாந் தேதி பெஞ்சுல வந்து உட்காரு. வீட்டுல அவன் அக்காவுக்கும் நான் பதில் சொல்லணும்ல?" என்றார். கடைசி வாக்கியம் சொல்லும்போது அவர் குரல் கெஞ்சியது. முதலாளி கெஞ்சி நான் பார்த்ததில்லை.

அந்தப் பிற்பகல் முழுக்க யோசித்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். யோசிக்கவில்லை. ஜன்னலோரத்தில் வெயில் விழுந்து கிடந்த பெஞ்சைப் பார்த்தேன். காலையில் சைக்கிளில் கிளம்பி, விஜயாவைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு வருகிற வழியைப் பார்த்தேன். எஞ்சினியர் வந்தார். கையைக் கட்டிக்கொண்டு, "என் தப்புதாங்க. ராத்திரி அசதியில ஒயரை மாத்திக் கொடுத்துட்டேன்" என்றேன். அவர் கத்தவில்லை. வெகு நாள் கழித்து ஒரு யோக்கியனைப் பார்த்த மாதிரி என் தோளில் தட்டினார். பிறகு முதலாளி பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"ஒத்துக்கிட்டாரே, அது பெரிய குணம். ஆனா காலனி வண்டி உங்ககிட்ட வரணும்னா ரேடியோ பெஞ்சுல இவர் வேண்டாங்க. கேக்காமலே பாட்டரிக்குத் தண்ணி ஊத்தி, சார்ஜ் பண்ணி வச்சாரே, அந்தப் பொறுப்பான பிள்ளையை உட்கார வைங்க."

காலனி வண்டிகள் வந்தன. சந்தானம் ஜன்னலோரம் உட்கார்ந்து அவற்றை வரவேற்கிறார், சாயங்காலம் என்னிடம் விட்டுவிட்டுப் போகிறார், காலையில் சிரித்த முகமாகச் சாவியைக் கொடுக்கிறார்.

பாட்டரியைத் திருப்பி மாட்டினால் செட்டு அந்தக் கணமே புகைந்துவிடுகிறது. ஆட்களைத் திருப்பி மாட்டிய ஒர்க்‌ஷாப்தான் ஒரு குறையுமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது.